ஒன்பது மதகுகளும் ஒரு மடிக்கணினியும்

ஆற்றுநீர்க் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவளை எல்லாரும் வெள்ளக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். மலையில் எவ்வளவு மழை பெய்திருக்கிறது, அந்தத் தண்ணீர் எத்தனை மணிக்கு அணைக்கு வந்து சேரும், அணையின் பன்னிரண்டு மதகுகளில் எத்தனையைத் திறந்தால் அணையும் தப்பும் கீழே உள்ள ஊரும் தப்பும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. பதினோரு ஆண்டுகளாகச் செய்கிறாள். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் பெயரைத் தவறாகக் காதில் வாங்கிக்கொண்டு, அலுவலகத்தில் யாரோ வெளிநாட்டுப் பெண்மணி இருப்பதாக எண்ணி அவள் அறையை எட்டிப் பார்ப்பதுண்டு. பார்த்துவிட்டு ஏமாந்து போவார்கள்.

அவள் சொல்லும் எண்ணை வாங்கி மதகைத் திறப்பவள் அவளுடைய கூடப்பிறந்த அக்கா. அணையில் மதகு இயக்குபவர். அக்காவின் வீடு அணைக்குக் கீழே, கீழ்த்தெருவில் இருந்தது. மகள் படிக்கும் பள்ளியும் அதே தெருவில்தான். ஆகவே தங்கை ஒரு மதகு கூடச் சொன்னால் அக்கா வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும்; ஒரு மதகு குறைத்துச் சொன்னால் அணையின் மண்கரைக்கு ஆபத்து. இந்த விஷயத்தை அக்காவும் தங்கையும் விளையாட்டாகப் பேசிக்கொள்வார்களே தவிர, விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

கணக்குப் போட அவளிடம் ஒரு மேசைக் கணினி இருந்தது. பெரிய கறுப்புப் பெட்டி, இரண்டு அகலத் திரைகள். பார்க்க லட்சணமாக இருக்காது. ஒரு திரையில் ஆறு, இன்னொன்றில் எண்கள். ஒரு முழுக் கணக்கு முப்பத்தெட்டு நிமிடத்தில் முடியும். ஒருமுறை அதன் விசிறி பழுதானபோது அவளே பக்கத்து மூடியைக் கழற்றி, திருப்புளி ஒன்றைக் கடன் வாங்கி, தேநீர் இடைவேளைக்குள் புது விசிறி மாட்டிவிட்டாள்.

புது இயக்குநர் வந்த மூன்றாம் ஆண்டில் அந்தக் கணினி மீது அவர் பார்வை விழுந்தது. எல்லா ஊழியர்களையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"மேசைக் கணினி என்றால் என்ன? ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது. நம் அலுவலகத்தைப் பற்றி மக்கள் சொல்லும் புகார் என்ன? இவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. ஆக, குற்றம் நம்மீது இல்லை, மேசைக் கணினி மீது. நான் இங்கே வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஆற்றைப் பார்க்க எனக்கு வாய்ப்பே அமையவில்லை. காரணம் என்ன? என் மேசையில் ஒரு கணினி இருக்கிறது. அதை விட்டுவிட்டு எப்படிப் போவது?"

எல்லாரும் கை தட்டினார்கள். வெள்ளக்காரியும் தட்டினாள். தட்டாவிட்டால் விளக்கம் கேட்பார்கள்.

நகரும் அலுவலகத் திட்டம் அப்படித்தான் பிறந்தது. மேசைக் கணினிகளுக்குப் பதிலாக மடிக்கணினிகள் வாங்க ஒரு குழு அமைந்தது. பழைய கணினியில் என்ன பெயருள்ள சிப் இருந்ததோ அதே பெயருள்ள சிப் புதியதிலும் இருக்க வேண்டும் என்று குழு உறுதியாக நின்றது. அவ்வளவு வலுவான மடிக்கணினிகள் கம்ப்யூட்டரில் விளையாடுபவர்களுக்காகத்தான் செய்யப்படுகின்றன. குழு அவற்றையே வாங்கியது. சிப்பின் பெயர் ஒன்றாகத்தான் இருந்தது. ஒரே பெயருள்ள இரண்டு பேர் ஒரே ஆள் ஆகிவிட மாட்டார்கள் என்று குழுவில் யாருக்கும் தோன்றவில்லை.

பெட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொரு மடிக்கணினியின் மூடியிலும் ஓநாய் முகம் ஒன்று சிவப்பு ஒளியில் எரிந்தது. அரசு அலுவலகத்தில் ஓநாய் கூடாது என்று சுற்றறிக்கை வந்து, அதன் மேல் துறையின் சின்னத்தை ஸ்டிக்கராக ஒட்டினார்கள். அதன்பின் துறையின் சின்னம் உள்ளிருந்து சிவப்பாக எரிந்தது. விசைப்பலகையின் எழுத்துகள் பச்சை, ஊதா, மஞ்சள் என்று மாறிக்கொண்டே இருந்தன. அதை அணைக்க யாருக்கும் தெரியவில்லை. சொத்து எண் எழுதிய ஸ்டிக்கரை அடிப்பக்கத்தில் நட்டநடுவே ஒட்ட வேண்டும் என்பது விதி. அடிப்பக்கத்தில் நட்டநடுவேதான் காற்று உள்ளே போகும் துளைகள் இருந்தன. விதிப்படி ஒட்டினார்கள்.

வெள்ளக்காரி முதல் நாளே சோதனைக்கு ஒரு பழைய மழையை எடுத்துக் கணக்கை ஓட்டிப் பார்த்தாள். முதல் ஆறு நிமிடம் பறந்தது. பிறகு கணினி கொதிக்க ஆரம்பித்தது. சூடு ஏறியதும் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது. விசிறிகள் இரண்டும் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தார். கணக்கு முடிய இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. பெயர்தான் மடிக்கணினி, மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். மின்சாரத்தில் செருகாமல் வைத்தால் வேகம் இன்னும் பாதியாகும், ஐம்பது நிமிடத்தில் உயிரும் போகும். செருக வேண்டிய சார்ஜரோ செங்கல் கனம். இரண்டு அகலத் திரையில் விரிந்து கிடந்த ஆறு இப்போது புத்தக அளவுக்குச் சுருங்கிவிட்டது. எட்டா ஆறா என்று மூக்கைத் திரையில் ஒட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் அவள் இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினாள். அடிப்பக்கத்து ஸ்டிக்கரை எடுக்க வேண்டும், கணினியைத் தாங்கியில் உயர்த்தி வைக்க வேண்டும், பழைய திரைகளை இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஒரு மேசைக் கணினியையாவது திருப்பித் தர வேண்டும். பதில் மூன்று வாரத்தில் வந்தது.

"பார்வையில் காணும் தங்கள் கடிதம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. வெப்பம் உழைப்பின் அடையாளம் என்பதால் அது குறையாகக் கருதப்படவில்லை. கணினியைத் தாங்கியில் வைப்பது அதை நிலைநிறுத்துவதற்குச் சமம். நிலைநிறுத்தப்பட்ட கணினி மேசைக் கணினியாகவே கருதப்படும். அரசு ஸ்டிக்கரை அகற்றுவது அரசுச் சொத்தின் அடையாளத்தை அழிப்பதாகும். கடைசிக் கோரிக்கை திட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது என்பதால் அது எழுதப்படாததாகக் கொள்ளப்படுகிறது."

எழுதப்படாத கோரிக்கையை அவள் நான்கு முறை படித்தாள்.

கணினிகள் உண்மையில் நகர்கின்றனவா என்று கண்காணிக்க நகர்வுப் பதிவேடு வந்தது. அதற்கென்று ஒரு நகர்வு எழுத்தர் நியமிக்கப்பட்டார். காலை ஒன்பது, பதினொன்று, மாலை இரண்டு, நான்கு என்று அவர் மணி அடிப்பார். அடித்ததும் அனைவரும் கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு எழுந்து, வேறோர் இடத்துக்குப் போய், பதிவேட்டில் கையெழுத்திட்டுத் திரும்ப வேண்டும். பெரும்பாலோர் நடைகூடம்வரை போய்வந்தார்கள். கணக்குப் பிரிவு மூத்தவர் மட்டும் மருத்துவர் சொன்னதாக மூன்று சுற்றுச் சுற்றுவார்.

வெள்ளக் கணக்கு இரண்டு மடிக்கணினிகளில் ஏற்றப்பட்டிருந்தது. மழைக்காலத்துக்கு முன்பே ஒன்றின் விசிறி செத்தது. இதில் மூடியைத் திறக்கவும் கூடாது, திறந்தாலும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் முழுக் கணினியும் பழுது பார்க்க வெளியூர் போனது. ஏழு வாரமாகியும் வரவில்லை. மிச்சம் ஒன்றுதான்.

மழைக்காலம் பிறந்த பன்னிரண்டாம் நாள் காலை, மலையிலிருந்த மழைமானிகள் காட்டிய எண்களை அவள் மறுபடியும் ஒருமுறை சரிபார்த்தாள். ஆற்றோடு மேலே இரண்டு கிளையாறுகள் வந்து சேர்கின்றன. அந்த இரண்டின் தலையிலும் முந்தின நாளிலிருந்தே பெய்துகொண்டிருந்தது. ஒன்பது மணி நகர்வை முடித்துவிட்டு, ஒன்பது பத்துக்குக் கணக்கை ஓடவிட்டாள். ஸ்டிக்கரைக் கிழிக்க நகத்தை வைத்தாள். நகர்வு எழுத்தர் அந்தப் பக்கம் வந்ததால் எடுத்துவிட்டாள். பதினொன்று இருபதுக்கு முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தே முக்காலுக்கு அக்கா பேசினாள்.

"என்னடி, எண் வந்துச்சா?"

"இன்னும் அரை மணி நேரம்க்கா."

"கலங்கலா வருது. வேரோட மரம் வருது. மேல பாலத்துப் பலகைகூட வந்துச்சு. நான் எத்தனை வருஷமா பாக்கறேன், இந்த நிறத்துல தண்ணிய பாத்ததில்ல."

"அரை மணி பொறுத்துக்கோ."

"நான் பொறுப்பேன். அது பொறுக்கணுமே."

பதினொரு மணிக்கு மணி அடித்தது. நாற்காலிகள் இழுபட்டன. சிவப்பாக எரியும் சின்னங்களை மார்போடு அணைத்துக்கொண்டு அலுவலகம் முழுவதும் நடைகூடத்தை நோக்கி நடந்தது. நகர்வு எழுத்தர் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"மேடம், உங்களது மட்டும் பாக்கி."

"கணக்கு ஓடிட்டிருக்கு சார். இன்னும் கால் மணி."

"ஓடிட்டிருந்தா நல்லதுதானே. நான் நடக்கத்தானே சொல்றேன்."

"வயரைப் பிடுங்கினா வேகம் போயிடும். அணைக்கு எண் சொல்லணும்."

"மேடம், இன்னிக்கு மேலிடத்துலேருந்து பார்வைக் குழு வருது. பதிவேட்டுல ஒரு காலி இடம் இருந்தா என் வேலை போயிடும். எனக்கு ரெண்டு பொண்ணுங்க." அவர் குரலில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. "ரெண்டு நிமிஷம். நானே சார்ஜரைத் தூக்கிட்டு வரேன்."

அவள் எழுந்தாள். இரண்டு கைகளாலும் கணினியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அடிப்பக்கம் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் சுட்டது. புடவைத் தலைப்பை மடித்துக் கைக்கு வைத்துக்கொண்டாள். அவர் பின்னால் செங்கல்லை ஏந்தி வந்தார். நடைகூடத்தின் பாதியில் விசிறிச் சத்தம் உச்சத்துக்கு ஏறி, சட்டென்று நின்றது. திரை கறுத்தது. சூடு தாங்காமல் கணினி தானே அணைந்துவிட்டது.

"பாத்தீங்களா, சத்தம் நின்னுடுச்சு," என்றார் நகர்வு எழுத்தர்.

கணக்கு நூற்றில் எண்பத்து நாலில் நின்றிருந்தது. திரும்பப் போட்டால் சுழியத்திலிருந்து தொடங்கும். முடிய ஒன்றே கால் தாண்டும். அவள் கையெழுத்திட்டாள். பதிவேட்டில் "நகர்ந்தது: ஆம்" என்று இருந்தது.

அவள் மேசைக்குத் திரும்பியபோது இயக்குநர் அங்கே நின்றிருந்தார். கழுத்துவரை பொத்தானிட்ட மழைக்கோட்டு அணிந்திருந்தார்.

"பார்வைக் குழு பன்னிரண்டு மணிக்குப் பாலத்துக்கு வருது. ஆத்தங்கரையில நின்னே கணினியைத் திறந்து எண்ணைக் காட்டப் போறேன். இது வரைக்கும் எந்தத் துறையும் செய்யாதது. எண் என்ன?"

"எண் வரல சார். நகர்வுல அணைஞ்சுபோச்சு. இனி ரெண்டு மணி நேரம் வேணும். சார், கிடங்குல பழைய மெஷின் இருக்கு, அதுல போட்டா..."

"அந்தப் பேச்சே வேண்டாம். சுருக்கமான கணக்கு ஒண்ணு இருக்கில்லையா?"

"இருக்கு. அதுல கிளையாறு ரெண்டையும் சேர்க்கறதில்ல. தண்ணி கம்மியா இருக்கற கோடைக்குன்னு போட்டது."

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "கிளையாறு எங்கே போகுது? ஆத்துல வந்து சேருது. ஆத்தைக் கணக்குல எடுத்துக்கிட்டோம். கிளையாத்தையும் எடுத்தா ஒரே தண்ணியை ரெண்டு தடவை எண்ணின மாதிரி ஆகிடும். தணிக்கையில கேட்பாங்க."

"சார், அணைக்கு அதைச் சொல்லக் கூடாது. ஆபத்து."

"எண் இல்லாம இருக்கறதுதான் ஆபத்து. எண் இருந்தா அது சரியா தப்பான்னு பிறகு ஒரு குழு பாத்துக்கும். எண்ணே இல்லைன்னா என்னைத்தான் பாப்பாங்க."

அவர் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். பதினாறு நிமிடத்தில் சுருக்கக் கணக்கு முடிந்தது. நான்கு மதகுகள். அவர் அதைத் தாளில் எழுதி, கையெழுத்திட்டு, அணைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு மடிக்கணினியைச் சட்டென மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

மேசை வெறுமையாக இருந்தது.  மழைமானி எண்கள் பென்டிரைவில் இருந்தன. எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

கிடங்கு கட்டடத்தின் பின்பக்கம். கிடங்குக் காப்பாளர் மெலிந்த மனிதர், ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. அவளுடைய கறுப்புப் பெட்டி "கழிவு" என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மூலையில் இருந்தது. அதன் திரை ஒன்றில் அவர் குடையை மாட்டியிருந்தார்.

"வெளிய எடுக்கணும்னா படிவம் பதினாலு வேணும்மா," என்றார் அவர். "மூணு கையெழுத்து. ரெண்டாவது கையெழுத்துக்காரர் இப்பதான் ஜீப்புல போறார்."

"வெளிய எடுக்கல சார். இங்கயே வெச்சு ஓட்டிக்கிறேன். அணைக்குத் தப்பான எண் போயிருக்கு."

அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு விதிப் புத்தகத்தை எடுத்தார். விரலை வரி வரியாக ஓட்டினார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு நிமிடம் போயிற்று.

"கிடங்குல இருக்கற பொருளை அடுக்கலாம், எண்ணலாம், தூசி தட்டலாம்னு போட்டிருக்கு. ஓட்டக் கூடாதுன்னு எங்கயும் இல்ல." நிமிர்ந்தார். "தூசி தட்டறதா எழுதிக்கிறேன். எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

"நல்லாத் தட்டுங்க."

இருவரும் சேர்ந்து திரைகளைத் தூக்கி வைத்து வயர்களை மாட்டினார்கள். கறுப்புப் பெட்டி ஒருமுறை இருமிவிட்டு எழுந்தது. பதினொன்று ஐம்பத்தாறுக்குக் கணக்கு ஓட ஆரம்பித்தது. விசிறி ஓடுவது காதை அருகே வைத்தால்தான் கேட்டது. எண்கள் திரையில் அகலமாக, நிதானமாக இறங்கின.

பத்தாவது நிமிடம் மேலே விளக்கு மங்கியது.  மடிக்கணினியில் பேட்டரி என்று ஒன்றாவது இருக்கிறது. இதில் மின்சாரம் ஒரு கண் சிமிட்டும் நேரம் போனாலும் எல்லாம் போச்சு. விளக்கு மறுபடி தெளிந்தது.

"மேல மாடியில காபி மெஷின்," என்றார் காப்பாளர். "அதைப் போடறப்பெல்லாம் இந்த லைன் இழுக்கும். பன்னெண்டரைக்கு எல்லாரும் கூட்டமா வருவாங்க."

"அவங்கள யாரும் தடுக்க முடியாதே சார்."

அவர் எழுந்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு "கழிவு" அட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "மெஷின்மேல மாட்டிட்டேன். இனி ஒருத்தனும் தொடமாட்டான். யாரு மாட்டினது, எதுக்கு மாட்டினதுன்னு கேக்கறதுக்கே ஒரு மாசம் ஆகும்."

 ஓட்டை விழுந்த தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் மனசுக்குள் அக்கா மகள் பள்ளிக்கூடத்தின் ஜன்னல்கள் வந்து போயின. தரையிலிருந்து இடுப்புயரம்தான் இருக்கும்.

பன்னிரண்டு முப்பத்து நாலுக்கு எண் வந்தது. ஒன்பது மதகுகள், ஒன்றரை மணிக்குள்.

அவள் அக்காவைக் கூப்பிட்டாள்.

"ஒம்போதுக்கா. ஒன்றரைக்குள்ள."

எதிர்முனையில் தண்ணீர் இரைந்தது. அதற்கு மேல் அக்கா கத்தினாள்: "இங்க நாலுன்னு கையெழுத்துப் போட்ட தாள் வந்திருக்கு. நீ ஒம்போதுங்கற. அந்த நாலை யாரு போட்டது?"

"நான்தான் போட்டேன். லேப்டாப்புல, ரெண்டு கிளையாத்தையும் விட்டுட்டு."

"நீ விட்டுட்டா, அது வராம இருந்துடுமாடி?"

"அதான் திரும்பப் போட்டேன். பழைய மெஷின்ல."

"ஒம்போது தொறந்தா கீழ்த்தெருவுல?"

"முழங்கால் அளவு. மூணு மணிவரைக்கும் நாலுலயே நின்னா அப்புறம் பன்னெண்டும் தொறந்தாகணும். அப்பவும் கரை நிக்குமான்னு சொல்ல முடியாது. நின்னாலும் கீழ்த்தெருவுல ஓட்டுக்கு மேல."

"என் வீட்டு ஓட்டுக்கு."

"ஆமாக்கா."

"உன் எண் தப்பா இருந்தா?"

அவள் திரையைப் பார்த்தாள். இரண்டு கிளையாறுகளும் நீல நரம்புகள்போல் துடித்துக்கொண்டிருந்தன. "தப்பா இருந்தா ஊரோட சாமான் நனையும், நம்ம ரெண்டு பேர் வேலையும் போகும். சரியா இருந்து நீ தொறக்கலைன்னா..."

"போதும். வை."

நான்கு நிமிடத்தில் அணையின் சங்கு ஊதியது. விட்டுவிட்டு மூன்று முறை: மேட்டுக்குப் போங்கள் என்று பொருள்.

அந்த நேரம் பாலத்தின் மேல் இயக்குநர் பார்வைக் குழுவுக்கு மடிக்கணினியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் அவருக்குக் குடை பிடித்தார், இன்னொருவர் கணினிக்கு. வெளிச்சத்தில் திரை தெரியவில்லை என்பதால் குழுத்தலைவர் கோட்டைக் கழற்றித் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். விசிறிகள் முழு மூச்சில் இரைந்தன. சங்கு ஊதியபோது, இது என்ன சத்தம் என்று தலைவர் கோட்டுக்குள்ளிருந்து கேட்டார். "கணினியோட வலிமை அப்படி," என்றார் இயக்குநர். பேட்டரி தீர்ந்து திரை அணைந்த பிறகும் சத்தம் தொடர்ந்தபோதுதான் அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். கீழ்த்தெரு மக்கள் மூட்டைகளையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பார்வைக் குழு இரண்டு ஜீப்புகளிலும் ஏறிப் போய்விட்டது. இயக்குநர் நடந்து வந்தார்.

மூன்று பத்துக்கு வெள்ளத்தின் உச்சம் வந்தது. அணையின் நீர்மட்டம் கரைக்கு ஒரு சாண் கீழே நின்றது. கீழ்த்தெருவில் முழங்கால் அளவு ஓடிய தண்ணீர் பொழுது சாய்வதற்குள் வடியத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் மேட்டுத்தெரு மண்டபத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டில் அரிசி மூட்டையும் மகளின் பாடப் புத்தகங்களும் ஊறிப்போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து விசாரணை. நீண்ட மேசையின் ஒரு பக்கம் மூன்று அதிகாரிகள், ஆளுக்கொரு மடிக்கணினி. விசிறிகளின் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காததால் எல்லாரும் கத்திப் பேசினார்கள். அக்காவும் தங்கையும் எதிரே நின்றார்கள். இயக்குநர் முதலில் வாக்குமூலம் தந்தார்.

"மடிக்கணினி தாமதமாகவில்லை என்பதை இந்தக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். வெள்ளம்தான் முந்திக்கொண்டது. கணினி நான் சொன்ன இடத்துக்கு வந்தது, நான் சொன்ன நேரத்துக்கு வந்தது. நகர்வுப் பதிவேட்டில் அன்றைக்கு ஒரு குறையும் இல்லை. அன்று அந்த ஆறு நடந்துகொண்ட விதத்தைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்."

நடு அதிகாரி வெள்ளக்காரியைக் கேட்டார்: "ஒன்பது என்ற எண் எதில் வந்தது?"

"கிடங்குல இருந்த மேசைக் கணினியில சார்."

அவர் ஒரு பதிவேட்டைப் புரட்டினார். "அந்தக் கணினி மார்ச் மாதமே இருப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆக, சம்பவ நாளில் அந்தக் கணினி இல்லை. இல்லாத கணினியில் கணக்குப் போட முடியாது. ஆக, அந்தக் கணக்கும் இல்லை."

"கணக்கு சரியா வந்துச்சே சார்."

"இல்லாத கணக்கு எப்படிச் சரியாக இருக்கும்?" அவர் அக்கா பக்கம் திரும்பினார். "இருக்கும் ஒரே கணக்கின்படி அன்று நான்கு மதகு அளவுக்குத்தான் தண்ணீர். அதற்கு மேல் வெள்ளம் வந்ததாக ஆவணம் எதுவும் இல்லை. வராத வெள்ளத்துக்கு ஒன்பது மதகுகளை ஏன் திறந்தீர்கள்?"

அக்கா சொன்னாள்: "எனக்கு ஆவணம் படிக்கத் தெரியாது சார். தண்ணி என் கால்கிட்ட வந்துச்சு."

"அதைக் குறித்துக்கொள்ளாதீர்கள்," என்றார் அதிகாரி எழுத்தரிடம்.

தீர்ப்பு தபாலில் வந்தது. அக்காவுக்குக் கடும் எச்சரிக்கை: இனி கையெழுத்திட்ட எழுத்துமூல ஆணை இல்லாமல் ஒரு மதகைத் தொட்டாலும் வேலை நீக்கம். இயக்குநருக்கு, கொட்டும் மழையிலும் கணினியைக் கைவிடாமல் நடந்தே அலுவலகம் திரும்பியதற்காகப் பாராட்டுக் கடிதம். வெள்ளக்காரிக்குத் தண்டனை இடமாற்றம், உதவிக் கிடங்குக் காப்பாளராக.

அவள் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். காப்பாளர் அவளுக்கு ஒரு நாற்காலியும் தூசி தட்டும் துணியும் கொடுத்தார். தினமும் காலையில் அவள் தூசி தட்டினாள். மழைமானி எண்களைப் பழைய சிநேகத்தில் யாராவது ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போவார்கள்.

ஆறு வாரத்துக்குப் பிறகு ஒருநாள் விடிந்ததிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. முந்தின இரவு மலையில் பெய்த மழையின் சீட்டு எட்டு மணிக்கே ஜன்னல் வழியாக விழ, அவள் தூசி தட்டத் தொடங்கியிருந்தாள். காலை பத்து மணிக்கு இங்கேயும் மழை பிடித்துக்கொண்டது. சரியாகப் பதினொரு மணிக்குக் கிடங்கு வாசலில் இயக்குநர் வந்து நின்றார். ஆள் யாரையும் கூட்டி வரவில்லை. கையில் கணினியும் இல்லை. தோள்பட்டை நனைந்திருந்தது.

"உள்ள வாங்க சார்," என்றாள் அவள்.

"வேண்டாம். வந்தா நான் பாத்ததா ஆகிடும்." உள்ளே பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "மேல லேப்டாப் ரெண்டு தடவை அணைஞ்சுபோச்சு. அதிகாரபூர்வமா இல்ல, சும்மா கேக்கறேன். ஒரு எண் தெரிஞ்சா நல்லது."

"எழுதிக் கேளுங்க சார்."

"எழுதியா?"

"அணையில எழுத்துல ஆணை இல்லாம மதகைத் தொடக் கூடாதுன்னு போட்டிருக்காங்களே."

அவர் ஆற்றுப் பக்கம் திரும்பினார். அங்கிருந்து ஆறு தெரியாது, ஆனால் கேட்டது. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, கதவு நிலையில் வைத்து எழுதினார். கிடங்கில் உள்ள மேசைக் கணினியின் கணக்குப்படி மதகுகளைத் திறக்கவும். கீழே கையெழுத்தும் போட்டார். காப்பாளர் எட்டி வாங்கி, விரலை வரி வரியாக ஓட்டிப் படித்துவிட்டு அவளிடம் கொடுத்தார்.

"எத்தனை?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஏழு சார்."

"சீக்கிரம் அணைக்குச் சொல்லுங்க."

அவள் நகரவில்லை. அக்கா ஏழு மதகுகளையும் தூக்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. தாளை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"தேதி போடலியே சார். நேரமும் போடுங்க. பத்தரைன்னு."

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐந்து. அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. மேலே தகரத்தில் மழை இன்னும் கனத்தது. அவர் பேனாவைத் திறந்து, பத்தரை என்று எழுதினார்.